ஒரு நாள் வயது முட்டை

என் அக்காவுக்கு,

இன்று காலை ஏழு முட்டைகள் கறுத்திருக்கின்றன. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். இதைச் சொன்னால் புரிந்துகொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை.

நீ போய் இது ஒன்பதாம் நாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து தம்பி வந்துசேர இரண்டு நாள் ஆனது. அதுவரை கூடத்தில் உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். சித்திரை வெயில். ஜெயங்கொண்டத்து வோல்டேஜ் உனக்குத் தெரியாததா? பெட்டிக்காரர் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மத்ததெல்லாம் நிறுத்திடுங்க. இல்லன்னா பெட்டி நின்னுடும்."

நான்தான் போய் நிறுத்தினேன். நீ குளவி வளர்க்கும் பின்னறை ஏசியை. ஃப்ரிட்ஜையும்.

உன்னைக் குளிரில் வைக்க, உன் குளவிகளின் குளிரை எடுத்தேன். அந்த நேரம் அவை நினைவுக்கு வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வந்தன, அக்கா.

மூன்றாம் நாள் கதவைத் திறந்தேன். புழுப்பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் உன் பொடிக் குளவிகள், கண்ணாடிக் குழாய்களின் அடியில் தூசியாகக் கிடந்தன. சூட்டில் அவசரமாகப் பிறந்திருந்தன. பலவற்றுக்குச் சிறகே விரியவில்லை. பிழைத்த சிலவற்றுக்கும் முட்டையிட இடம் இல்லை. நான் வைக்க மறந்த புது அந்துப்பூச்சி முட்டைகளுக்குப் பதிலாகப் பழையவைதான் இருந்தன. ஒரு நாள் தாண்டிய முட்டையைக் குளவி தொடாது என்பாய்.

நான்கு கோடைகள். ஒவ்வொன்றிலும் இந்த வெயிலைத் தாங்கியவற்றை மட்டும் பிரித்து வளர்த்தாய். அந்த வம்சம் வேறெந்த ஊரிலும் இல்லை.

பால் தெளித்த அன்று தா.பழூர் தங்கராசு அண்ணன் வந்தார். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்காக நீ கடைசியாகக் கொடுத்த, குளவி வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டை, ஈரத்துணிக்குள் அப்படியே இருந்தது.

"சேதி கேட்டதும் வயல்ல எறங்கல தங்கச்சி. தண்ணிப்பான ஓரமா வச்சிருந்தேன். ஒங்க அக்கா இல்லாம இத இனி யாரு தருவா? நீயே வச்சிக்க."

கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் வயல் வெளுத்துச் சுருள்கிறது. மருந்தும் அடிக்கவில்லை. அடித்தால் குளவி பிழைக்காது என்று நீ சொன்னாயாம்.

அந்த அட்டையிலிருந்து வந்த குளவிகளுக்கு, அன்று இட்ட அந்துப்பூச்சி முட்டைகளை வைத்தேன். ஏழுதான் கறுத்தன. கறுத்தால் உள்ளே குளவி. சூடு பட்டதில் ஆண்களே அதிகம் பிறக்கும் என்பாய். ஏழும் ஆணாக இருந்தால்? உன் நோட்டில் இத்தனை டிகிரி, இத்தனை மணி என்று எல்லாம் இருக்கிறது. இதற்கு ஒரு வரி இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

பதினாறாம் நாளுக்கு வீடு கழுவ வருகிறார்கள். பின்னறைக்குள் யாரையும் விடமாட்டேன். ஏசியை அணைக்க விடமாட்டேன். தினமும் காலையில் புது முட்டை சலித்து வைப்பேன். அவை வெளிவரும் அன்று, ஒரு நாள்கூட ஆகாத முட்டை அங்கே இருக்கும்.

எதுவும் வெளிவராவிட்டாலும் இருக்கும்.

அன்று சுவிட்சை அணைத்த அதே கையால்,
உன் தங்கச்சி