தோற்கும் பக்கத்துக்கு ஒரு தங்கை

ஜூன் 10
நூலகத்தில் பழைய சதுரங்கப் புத்தகம் கிடைத்தது. நூறாண்டுக்கு முந்தைய போட்டி ஆட்டம் ஒன்று அதில் இருக்கிறது. வெள்ளைக் காய் ஆடியவர் இரண்டாம் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார். பிறகு குதிரை. பிறகு யானை! எதிராளி எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு செக்மேட் ஆகிறார். என்ன பெருந்தன்மை! பள்ளி அணியில் ஓர் இடம் காலி. இந்தத் தொடக்கத்தை ஆடியே அதைப் பிடிப்பேன்.

ஜூன் 12
வெள்ளையின் நகர்த்தல்கள் மனப்பாடம். கறுப்பை ஆடத் தங்கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.
"யானைய வெட்டு."
"வெட்டினா?"
"நீ தோத்துடுவ."
"அப்ப எதுக்குக்கா வெட்டணும்?"
"அன்னிக்கு அவர் வெட்டினாரே!"
வரலாற்று உணர்வே இல்லாத பிள்ளை.

ஜூன் 19
இன்றும் வென்றேன்.

ஜூன் 23
தங்கை அம்மாவிடம் புகார். "ஒரு தடவ நீ தோத்தா என்னடி, கொறஞ்சா போயிடுவ?" என்கிறார் அம்மா. நடந்து முடிந்த ஆட்டத்தை நான் எப்படி மாற்றுவது?

ஜூலை 1
அணித் தேர்வுக்குத் தங்கையும் பெயர் கொடுத்திருக்கிறாள்! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஜூலை 5
கடைசிச் சுற்று. வெல்பவருக்கு அணியில் இடம். எதிரே — தங்கை. எப்படி இதுவரை வந்தாள்?
வெள்ளை எனக்கு. சிப்பாயைக் கொடுத்தேன், வெட்டினாள். குதிரையைக் கொடுத்தேன், வெட்டினாள். யானையை நீட்டினேன். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.
"ஏய், அப்படி ஆடக் கூடாது!"
விளையாட்டு ஆசிரியர் வந்தார். "எந்த விதிப்படிம்மா?"
எந்த விதிப்படி? குதிரை போச்சு, சிப்பாய் போச்சு, அடுத்து என்ன ஆடுவது என்று புத்தகத்திலும் இல்லை. ஐயோ, எனக்குச் சதுரங்கமே தெரியாது போலிருக்கே!

ஜூலை 6
அவள் அணியில். நான் மாற்று ஆள். அவளோடு பேச மாட்டேன்.

ஜூலை 20
பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. மாற்று ஆள் என்றால் தண்ணீர் பாட்டில் தூக்குபவள் என்று அறிந்துகொண்டேன்.
தங்கைக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெண். இரண்டாம் நகர்த்தலில் சிப்பாயைத் தூக்கிக் கொடுத்தாள். என் தொடக்கமேதான்! அந்த முகத்தில் என் பெருமிதமேதான்.
தங்கை கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள்.
சத்தமாகச் சிரித்துவிட்டேன். நடுவர் வெளியே அனுப்பிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்தப் பெண் நகம் கடிக்கத் தொடங்கியிருந்தாள். பாவம். உள்ளே போக விட்டிருந்தால் அவளுக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பேன்.