நர்சம்மா போட்ட மார்க்

பாப்பா அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? உன் இடுப்புவலி தேவலையா? எனக்கு வேலையிடத்தில் துணி வெளுக்கிற சலவை மருந்து பட்டு முழங்கை வரை தோல் உரிகிறது. பயப்படாதே, ஒட்டுகிற நோய் இல்லை.

தோல் டாக்டரிடம் போனேன். முதலில் நர்சம்மா கேள்வி கேட்டு மார்க் போட்டார். மார்க் கூடினால் கஷ்டம் கூடுதலாம். இதனால் வெளியே போவது நின்றுபோச்சா என்றார். நான் எங்கே போகிறேன், வேலைதான் என்றேன். சிநேகிதர்கள் ஒதுங்குகிறார்களா? அப்படி யாருமில்லை என்றேன். மனைவியோடு சங்கடமா? அவள் ஊரில் இருக்கிறாள் என்றேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு, "உங்க வாழ்க்கை நல்லாத்தான் இருக்கு" என்றார். உரிகிற தோலைப் பார்த்து வராத அருவருப்பு, என் வாழ்க்கையை நினைத்து அப்போது வந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா.

முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது: இந்தக் கை பட்டால் நீ முகம் சுளிப்பாயா?