நம்மைத் தெரியாத மூன்றாம் பாகம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கம். சாமி கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதுகு வலி குறைந்ததா? டாக்டர் கொடுத்த இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிறீர்களா?

நாம் இருவரும் சேர்ந்து ஆடிய விண்கப்பல் வீடியோ விளையாட்டின் கடைசிப் பாகமான மூன்றாவது எப்படி என்று கேட்டீர்களே. இங்கே முதலாளியம்மா மகளின் விளையாட்டு மெஷினில் ஆடி முடித்துவிட்டேன். சண்டையெல்லாம் ஜோர். ஆனால் எரிபொருள், மருந்து வரவு செலவைக் கப்பலே பார்த்துக்கொள்கிறது. ஆட்டத்தில் எனக்கென்று இருந்த அந்த வேலை போயே போய்விட்டது. முடிவும் அவசரத்தில் கட்டிய மூட்டை மாதிரிதான்.

ஒன்றுதான் மனசைப் பிசைந்தது. இரண்டாம் பாகத்தில் பாடுபட்டுக் காப்பாற்றினோமே கப்பலின் எஞ்சின்காரி, அவள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"பழைய ஆட்டமெல்லாம் உங்க வீட்டு மெஷின்லதானே இருக்கு, அக்கா? இங்க நீங்க புது ஆளு" என்று சிரித்தது முதலாளியம்மா மகள். நானும் சிரித்துவைத்தேன்.

நான் வரும்வரை தொடமாட்டேன் என்றீர்கள். வேண்டாம், வாங்கி ஆடுங்கள். உங்கள் முதுகு ஆபரேஷன் செலவை நினைத்து, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே வேலைக்கு இருக்கிறேன் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாதீர்கள். என் சாம்பல் நிற ஸ்வெட்டரை அனுப்புங்கள். நான் ஆடும் விளையாட்டு ரிமோட்டுக்கும் அவ்வப்போது சார்ஜ் போடுங்கள், சும்மா கிடந்தால் கெட்டுவிடும்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்கள். நம் மெஷினில் எஞ்சின்காரிக்கு உங்களை அடையாளம் தெரியும். கூட இருந்தவள் எங்கே என்று கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் மனைவி