வேலியை அறுத்த இரும்புக்கடை பாய்க்கு

பாய்,

இன்று காலையும் அந்தக் கம்பி என் செருப்பைத் தடுக்கிவிட்டது. உங்கள் கடை வாசலில், சுமைதாங்கிக் கல்லுக்குப் பின்பக்கம், தரையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கிறதே, அதேதான். கையில் வழக்குக் கட்டு, தோளில் கறுப்பு அங்கி, வாயில் ஒரு வசவு. விழாமல் தப்பியதே பெரிய காரியம். குனிந்து செருப்பை மாட்டும்போது கிரீஸும் அறுத்த இரும்புமாகக் கலந்த அந்த வாசனை உங்கள் கடைக்குள்ளிருந்து வந்தது. உங்கள் பையன் யாருக்கோ பைப் அறுத்துக்கொண்டிருந்தான். திட்டாமல் நிமிர்ந்துவிட்டேன்.

அந்தக் கம்பித் துண்டை அங்கே விட்டுவைத்தது நீங்கள். ஏன் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இன்று சாயங்காலம் இன்னொருவருக்கும் தெரியவரும். நம் மரபுக் குழுவில் புதிதாக ஓர் உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். துடிப்பான மனிதர். வந்த முதல் கூட்டத்திலேயே பழைய குளக்கரை மண்டபத்துக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அவரைக் கூட்டத்துக்கு முன்னால் இங்கே கூட்டிவந்து இந்த இடத்தில் நிற்க வைக்கப் போகிறேன்.

நகர மரபுக் குழு என்று நமக்குப் பெயர் மட்டும் பெரிது. கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நகராட்சிக் கட்டடத்தின் பின்னறையில், கால் ஒடிந்த நாற்காலிகளுக்கு நடுவே கூடுவோம். தலைவர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். நான் செயலாளர். வியாபாரிகள் சார்பில் நீங்கள். யார் வீட்டிலாவது செதுக்கு வேலை செய்த பழைய கதவைப் பெயர்த்து விற்கப்போகிறார்கள் என்று காதில் விழும். ஓடுவோம். அளப்போம், படம் எடுப்போம், அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டுவோம். ஒருவரும் படிக்க மாட்டார்கள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு விசாரணை. பட்டியலில் ஏறிவிட்டால் குழுவின் அனுமதி இல்லாமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது சட்டம். அதைச் செயல்படுத்த நம்மிடம் இருந்த ஒரே ஆயுதம் கெஞ்சுவது.

"நமக்கு அதிகாரம் கம்மி, வாய் ஜாஸ்தி வக்கீலம்மா" என்பீர்கள்.

எதைப் பார்க்கப் போனாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது உங்கள் பழக்கம். தூண், கதவு, கிணற்றுக் கட்டை, எதுவும் தப்பாது. "கல்வெட்டத் தட்டினா கதவு தொறக்குமா பாய்?" என்று நான் கேட்டேன். "தட்டறது கதவு தொறக்க இல்லம்மா. உள்ள ஆள் இருக்குதான்னு பாக்க" என்றீர்கள். அன்று சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

சுமைதாங்கி விஷயம் வந்தபோது ஊரே உங்களைத்தான் பார்த்தது. இரண்டு கற்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல். கல்வராயன் மலையிலிருந்து கால்நடையாகவே இறங்கிவந்த காலத்தில் யாரோ நட்டது. தலைச்சுமையைத் தனியாக இறக்கவும் முடியாது, இறக்கியதைத் தனியாக ஏற்றவும் முடியாது. அந்தப் பலகை சரியாகத் தலை உயரத்தில் இருப்பதால் சற்றே குனிந்து நகர்த்தினால் போதும். இப்போதும் மலைமேல் கரியாலூர்ப் பக்கத்து ஆட்கள் சந்தை நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி, புளிக்கூடையையும் கடுக்காய் மூட்டையையும் அதன்மேல் வைத்துக் கழுத்தை நிமிர்த்திக்கொள்கிறார்கள். ஆனால் கல் நிற்பது உங்கள் கடைக்கு நேர் எதிரே. அது இருக்கும்வரை உங்கள் லாரி வாசலுக்கு வராது. தெருமுனையில் நிறுத்தி, கம்பிகளை ஆள் வைத்துத் தூக்கிவர வேண்டும்.

பட்டியலில் சேர்க்கும் கூட்டத்தில் நீங்களே எழுந்தீர்கள். "இதுல எனக்கு லாபம் நஷ்டம் இருக்குது. நான் வெளிய ஒக்காந்துகினு இருக்கேன், நீங்க பேசுங்க." போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கோர்ட்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தனக்கு லாபம் இருக்கிற இடத்திலிருந்து யாரும் எழுப்பாமல் எழுந்துபோன ஆள் நீங்கள் ஒருவர்தான்.

கல் பட்டியலில் ஏறியது. சாலையை அகலப்படுத்தும் வேலைக்கு வந்திருந்த இன்ஜினியர் மட்டும் விடவில்லை. "ரோடு அகலமானா கல்லு ஓரத்துக்கு வந்துடும். வண்டி இடிச்சா யாரு பொறுப்பு? சுத்தி வேலி போட்டுடுங்க. இல்லாங்காட்டி பேத்து மியூசியத்துக்குக் குடுத்துடுங்க" என்றார். வேலிதானே, நமக்கு உயிர் வந்தது. கம்பி உங்கள் கடையிலிருந்தே வந்தது, இருப்பதிலேயே நல்ல கம்பி. வெள்ளிப் பெயிண்ட் அடித்து, பூட்டு மாட்டி, குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். சமோசா வாங்கித் தந்தீர்கள். ஒரு கல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. சுமைதாங்கியைச் சுற்றி வேலி போட்டால் யார் எப்படிச் சுமை இறக்குவார்கள் என்று படித்த தலைகள் அத்தனையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த சந்தை நாளில் நான் கோர்ட்டில் இருந்தேன். தலைவர் போன் செய்து கத்தினார். "பாய் வேலிய அறுத்துக்கினு இருக்காருமா! மெஷின வெச்சு அறுக்கறாரு! லூசு கீசு புடிச்சிட்சா அவருக்கு?"

குழு உறுப்பினரே, குழுவின் அனுமதி இல்லாமல், பட்டியலில் ஏறிய சின்னத்தின் வேலியை அறுத்தால் செயலாளர் என்ன செய்வது? உங்களுக்கே நோட்டீஸ் அனுப்பினேன். கோபத்தோடுதான் அனுப்பினேன். வேலி இல்லையென்றால் கல்லைப் பெயர்த்துவிடுவார்களே என்ற பதைப்பு எனக்கு. நீங்கள் அதை வாங்கிப் படித்துவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி கடை ஷட்டரிலேயே ஒட்டிவிட்டீர்கள். வந்தவனிடமெல்லாம், "நம்ம வக்கீலம்மா அனுப்சது. இன்னா அழகா எழுதிக்கிறாங்க பாரு" என்று காட்டினீர்களாம். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

விசாரணையில் இன்ஜினியரும் வந்து உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்பீர்கள், எச்சரித்து விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். "ஏன் அறுத்தீங்க?" என்று கேட்டேன். நீங்கள் எழுந்து நின்று சொன்னதை வார்த்தை மாறாமல் என்னால் இப்போதும் சொல்ல முடியும்.

"ராமாயின்னு ஒரு அம்மா, கரியாலூர்ப் பக்கம். சந்தைக்கு சந்த வரும். புளிக்கூடையோட வந்து வேலிக்கு வெளிய நின்னுக்கினு இருந்திச்சி. நான்தான் ஓடிப்போய் கூடைய எறக்கி வுட்டேன். என்னியத் திட்டும்னு பாத்தேன். அது என்னியப் பாக்கவே இல்லீங்க. கல்லப் பாத்துச்சி. 'ஐயோ பாவி மவளே, ஒத்தரும் எறக்கி வெக்கலியே, இத்தினி நாளா நீ எப்டி தாங்கினு நிக்கிற'ன்னு அழுதுச்சி."

சுமைதாங்கி எதற்காக நடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பட்டியல் குறிப்பில் எழுதியவளே நான்தான்: வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக. பிள்ளையை இறக்கி வைக்க முடியாமலே போனவள் அவள். வழிப்போக்கர்கள் தம் சுமையை அந்தக் கல்லில் இறக்கும்போதெல்லாம் அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், மறந்தேன். ராமாயி ஒரு நாளும் அதை மறக்கவில்லை. தன் கழுத்து வலியைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் தெரியாத, எப்போதோ செத்துப்போன ஒருத்திக்காக நடுத்தெருவில் நின்று அழுதிருக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று பாய். கோயில் கோபுரங்களின் கீழே நின்றிருக்கிறேன், இப்படி ஆனதில்லை.

நீங்கள் உட்காரவில்லை. "இன்னொண்ணு. எங்க அக்காவும் அப்டித்தான் போச்சி, வயித்துப் புள்ளையோட. எங்க ஆளுங்கள்ல கல்லு வெக்கிற வழக்கம் கெடையாது. தெனம் காத்தால கடையத் தொறந்து பூட்ட அதும்மேல வெப்பேன். நானே பூட்டப் போட்டு அத மூடிட்டேன். அதான் அறுத்தேன். தப்புன்னா சொல்லுங்க, இன்னா பண்ணணுமோ பண்றேன்."

அந்தப் பெரிய பூட்டை எத்தனையோ முறை அந்தக் கல்லின்மேல் பார்த்திருக்கிறேன். ஆணியில் மாட்டச் சோம்பேறித்தனம் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன். நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள்.

அன்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மிச்ச விசாரணையைச் சந்தை நாளில் கல்லுக்குப் பக்கத்திலேயே நடத்தலாம் என்று தலைவர் சொன்னார். அதுவும் குழுவின் வழக்கம்தானே, பார்க்காமல் முடிவு செய்வதில்லை. நாற்காலிகளை உங்கள் கடை வாசலில் போட்டோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மலை பஸ் வந்து நின்றது. கூரையிலிருந்து மூட்டைகளை இறக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். எங்களை ஏதோ கட்சிக் கூட்டம் என்று நினைத்திருப்பார்கள், பொருட்படுத்தவே இல்லை. ஒருத்தி சாமை மூட்டையை வைத்தாள், மூச்சு வாங்கினாள், பலகைக் கல்லை மெல்லத் தடவினாள், எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தவள் வைத்தாள். அவளும் தடவினாள். பலகையின் விளிம்பு ஏன் அவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று நாங்கள் அளக்கும்போது பேசியது ஞாபகம் இருக்கிறதா? மழையால் தேய்ந்தது என்று தலைவர் சொல்லியிருந்தார். மழை இல்லை பாய், கைகள்!

ராமாயி கூடையை வைத்தாள்; அன்று அது வழக்கத்தைவிடக் கனம், திரும்பத் தலையில் ஏற்ற ஆள் தேடினாள். பக்கத்தில் நின்றது இன்ஜினியர். "யோவ், ஒரு கை குடு" என்றாள். அவர் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டுத் தூக்கிக் கொடுத்தார். அவள் சந்தைக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் ஆளிடம் சுண்ணாம்பு கேட்டு வாங்கி, குனிந்து, கல்லைச் சுற்றி அகலமாக ஒரு வளைவு போட்டார். "ரோட்ட இப்டி ஒடிச்சுக்கலாம். சுத்தி மேடை கட்டிட்டா வண்டி ஏறாது. வேலி வாணாம்" என்றார். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீங்கள் பார்க்காத மாதிரி கடைக்குள் போய்விட்டீர்கள்.

பட்டியலில் மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே தொடக் கூடாது, மாற்றக் கூடாது என்றே எழுதியிருக்கிறோம். இதற்கு மட்டும் நான் எழுதினேன்: "இதன்மேல் சுமை இறக்குவதை எவரும் எக்காரணம் கொண்டும் தடுக்கலாகாது." வாழ்நாளெல்லாம் மனுக்கள் எழுதியவள் நான். உருப்படியாக எழுதியது அந்த ஒரு வரிதான் என்று தோன்றுகிறது.

அனுமதியில்லாமல் வேலியை அறுத்ததற்குத் தண்டனையாக, மண்ணில் மிச்சமிருந்த கம்பி முனைகளை நீங்களே தோண்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டோம். எடுத்தீர்கள், ஒன்றைத் தவிர. அதன் முனையை மட்டும் அரத்தால் மழுங்க ராவிவிட்டீர்கள். கேட்டதற்கு, "மலையாளுங்க இந்தப் பக்கம் வர மாட்டாங்க. கமிட்டிக்காரங்கதான் போட்டோ புடிக்க இங்க வந்து நிப்பாங்க. அவங்க கால்ல ஒருவாட்டி இடிக்கட்டும்" என்றீர்கள். நான் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள். மார்வலி என்று பையன் சொன்னான், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டதாம். அன்றும் சந்தை நாள். பள்ளிவாசலுக்குப் போகும் வழி உங்கள் கடையைத் தாண்டித்தான். உங்களை வைத்த சந்தூக்குப் பெட்டி தோள் மாறித் தோள் மாறி வந்துகொண்டிருந்தது. நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போதுதான் மலை பஸ் வந்து பெண்கள் சுமையோடு வந்தார்கள். ராமாயி ஒரு கணம் பார்த்தாள். "நம்ம இரும்புக்கடை பாயி போறாருடி. தலையில சொமைய வெச்சிக்கினு நிக்காதீங்க, எறக்குங்க" என்றாள்.

கூடைமேல் மூட்டை, மூட்டைமேல் கூடை என்று வைத்தும் கல்லில் இடம் போதவில்லை. இடம் கிடைக்காதவர்கள் உங்கள் கடைப் படியில் இறக்கினார்கள். வெறும் தலையோடு, மழைத் தூறலில், நீங்கள் கடந்துபோகும்வரை நின்றார்கள். பிறகு ஒருவருக்கொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். இந்த ஊரில் எவ்வளவோ பெரிய மனிதர்களின் ஊர்வலம் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மரியாதையை யாருக்கும் பார்த்ததில்லை.

கடை மூடியிருந்ததால் பூட்டு ஷட்டரில் தொங்கியது. கல்லின்மேல் அது இல்லாதது என்னவோ போலிருந்தது. பெண்கள் போன பிறகு என் கையிலிருந்த வழக்குக் கட்டை அங்கே வைத்தேன். அன்று தொடங்கியது இந்தப் பழக்கம். கோர்ட்டுக்குப் போகும் வழியில் தினமும் வைக்கிறேன். அதற்காகத்தான், நீங்கள் பூட்டு வைத்த அந்தப் பின்பக்கம் போய்க் காலை இடித்துக்கொள்கிறேன். உங்கள் அக்காவுக்கா, அந்தக் கல்லில் இருப்பவளுக்கா, உங்களுக்கா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வைத்துவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறேன்.

திரும்ப எடுக்கும்போது கட்டு கொஞ்சமும் எடை குறைந்திருப்பதில்லை பாய். ஆனால் தூக்க முடிகிறது.