தொட்டிக்குப் பின்னால் ஒரு சுவர்

ஜூன் 3

எதிரே இருக்கும் திடலைத் திருத்திக் கட்டப்போகிறார்களாம். அதற்குமுன் அதில் நடக்கிறவர்களே அதை வரைய வேண்டுமாம். கட்டட வரைபடம் போடும் பெண் ஆளுக்கொரு கண்ணாடித் தாள் கொடுத்தாள். “போய்ப் பாத்துட்டு வரக்கூடாது. ஞாபகத்துல இருக்கிறத மட்டும் போடுங்க.”

எனக்கு வரையத் தெரியாது, எண்ணத் தெரியும். வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நானூற்றுப் பன்னிரண்டு காலடி. நோட்டில் என்றோ எழுதியது. அதை வைத்தே போட்டுவிட்டேன்.

ஜூன் 5

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். “அக்கா, உங்க அளவெல்லாம் டேப்பு வச்ச மாதிரி இருக்கு. ஆனா தண்ணித் தொட்டிக்குப் பின்னால சுவர் போட்டிருக்கீங்களே?”

“இருக்கே.”

“அங்க சந்துக்கா. நேரா பஸ் ஸ்டாப்புக்குப் போகுது.”

டீ ஆற்றிய கை நின்றுவிட்டது. “பதினோரு வருஷமா இங்க இருக்கா, சுவர் எது சந்து எதுன்னு தெரியல” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கடவுளே, வேண்டுமென்று போடவில்லை. போடும்போது அங்கே சுவர் இருந்தது.

ஒன்பது வருஷம். அந்தச் சந்தில் என்னை மறிச்சவன் மூஞ்சிகூட மறந்துபோச்சு. சுவத்துல ஊன்றியிருந்த அவன் கை — அது மறக்கல. பின்னாடி யாரோ வர்ற சத்தம் கேட்டுத்தான் விட்டான். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சுற்றுவழிதான்.

ஜூன் 6

மகளுக்கு மாலை வகுப்பு பதினாறாம் தேதி தொடங்குகிறது. இறங்குவது அதே நிறுத்தம். “சுத்தி வாடி” என்றேன். “ஏம்மா?” என்றாள். அடுப்பில் பால் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 7

அது சுவராகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இது என்ன வேண்டுதல்?

ஜூன் 9

வரைந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, அந்தப் பெண் எல்லாத் தாள்களையும் ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். ஆண்களின் தாளில் சந்து சந்தாகவே இருந்தது. தையல்காரம்மா அங்கே முள்செடி போட்டிருந்தாள். ஓய்வுபெற்ற டீச்சர், சாக்கடை. மருந்துக்கடைப் பெண் தாளில் அந்த மூலையே இல்லை. அங்கே செடியும் கிடையாது, சாக்கடையும் கிடையாது.

தையல்காரம்மாதான் மெல்ல, “டீச்சர், உங்களுக்குமா?” என்றாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“அந்தச் சுவர் நான் கட்டினது” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஜூன் 15

மகளிடம் சொல்லிவிட்டேன். முழுசும். “ஒன்பது வருஷமாவா சுத்துற?” என்றாள். மடியில் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 16

புதுப் படத்தில் தொட்டி தள்ளிப்போயிருக்கிறது, சந்து அகலமாகி விளக்கு வந்திருக்கிறது. கட்டி முடிக்க ஒரு வருஷமாம். அதுவரை சந்து அதே சந்துதான்.

ஆறரைக்கு நாங்கள் நான்கு பெண்களும் நிறுத்தத்தில் நின்றோம். “என்னம்மா, ஊர்வலமா?” என்று கேட்டபடி இறங்கினாள் மகள். சந்துக்குள் நுழைந்தோம். டீச்சர் என் கையைப் பிடித்தாரா, நான் அவர் கையையா, தெரியவில்லை.

வாசல் வரை நூற்றைம்பத்தெட்டுக் காலடி. நடுவில் எண்ணிக்கை தவறிவிட்டது. நாளைக்குச் சரிபார்க்க வேண்டும்.