குன்னூரில் தண்ணீர் கொதிக்கும் சூடு

குன்னூர்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் கெஸியாவுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்கச் சற்றுப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மா, ஏனுங்க, புள்ள ஒரு வார்த்தை கேட்டா பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருப்பீங்க என்கிறாள். நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியவில்லை, அதனால் திருப்பி எழுதுகிறேன். உனக்கு முன் உன் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்தவர் கண்ட எண் ஒன்று, உன் கருவி காட்டுவது அதைவிடக் குறைவு. அந்த எண் வரும்வரை செய் என்கிறார் உன் பேராசிரியர். உன் எண்ணை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து எழுதினால் பட்டம் கிடைத்துவிடும், எழுதட்டுமா, இல்லை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாய். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை அப்பா என்றாய். அதை நீ சொன்ன குரல் பஸ் நேரம் சொல்வதுபோல இருந்தது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மழை விடவில்லை, துணி காயவில்லை. புதன்கிழமை நம் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். கீழே கோபியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் பாலமுருகன் என்ற இளம் ஆசிரியர், செய்முறைத் தேர்வுக்குக் கூட நிற்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்து தெர்மாமீட்டர் பார்க்கும் சோதனை. இந்த உயரத்தில் தொண்ணூற்று நான்கில் கொதித்துவிடும் என்று உனக்குத் தெரியும். பிள்ளைகள் எல்லோரும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ளபடி நூறு என்று எழுதினார்கள். மனிஷா என்ற பெண்ணிடம், கண்டதை எழுதும்மா என்றேன். அவள், நூறுன்னு போட்டாத்தானுங்க சார் மார்க்கு, நம்மூர்த் தண்ணி தப்பாக் கொதிச்சா நான் என்னங்க பண்ணட்டும் என்றாள். வகுப்பே சிரித்தது. பாலமுருகனின் விடைக்குறிப்பிலும் நூறு என்றே இருந்தது. ரிட்டயர் ஆனவன் தலையிடலாமா என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு அவரிடம் போய், இங்கே தொண்ணூற்று நான்குதான் வரும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் தானே ஒருமுறை கொதிக்க வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏனுங்க ஐயா, ஊட்டிக்கு டூர் வந்தா ஃபிசிக்ஸும் ஸ்வெட்டர் போட்டுக்குதுங்களா என்றார். விடைக்குறிப்பில் நூறை அடித்துத் திருத்தினார். அட்டெண்டர் செல்லதுரை வழக்கம்போல அந்தத் தண்ணீரிலேயே எல்லோருக்கும் டீ போட்டார். இந்தச் சோதனையில் டீ மட்டும் தப்பா வராதுன்னு நம்ம கெஸியா சொல்லுமே, புள்ள நல்லா இருக்குதுங்களா என்று கேட்டார். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

உன் சோதனை இதைப்போன்றதல்ல. உன் கருவியிலேயே குறை இருக்கலாம், எனக்கு அந்த அளவு படிப்பில்லை. இன்னொரு கருவியில், வேறொருவர் கையால் ஒருமுறை அளக்கச் சொல். அப்படியும் அதே எண் வந்தால் அதையே எழுது. வேறு எண்ணை எழுதாதே. அதற்காகப் பட்டம் கொடுக்க மாட்டோம் என்றால் வந்துவிடு. பேராசிரியர் கோபித்தாலும், சபையில் நாலு பேர் கேட்டாலும் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்குக் குரல் வராவிட்டால் அம்மா சொல்வாள், அவள் இப்போதே உன் அறையில் கம்பளியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு உறுதியாக நான் எதையும் எழுதியதில்லை, மறுபடி படித்தால் அடித்துவிடுவேன், அதனால் படிக்கப்போவதில்லை.

பாலமுருகன் சொன்னதற்கு அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மார்க்கெட்டில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. கடைக்கார அம்சவேணி, என்னங்க வாத்தியாரே தனியாச் சிரிக்கிறீங்க என்று கேட்டாள். பீன்ஸை நிறுக்கச் சொன்னேன். உனக்கும் சிரிப்பு உடனே வராவிட்டால் பயப்படாதே.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். காலுறை ஈரமாக இருந்தால் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

உன் அன்பு அப்பா,
யோ. தேவசகாயம்