இன்னும் நாற்பது விநாடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் நலம். அம்மாவும் நலம். இந்த வாக்கியத்தை எழுதியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், ஏனென்றால் அம்மா நலமாக இருக்கிறாள் என்பதுதான் உண்மை, அந்த உண்மையைத்தான் மூன்று வாரமாக உன்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லிவிட மூன்று முறை முயன்றேன். ஒருமுறை "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்து, நீ "சொல்லுங்கப்பா" என்று முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்ததும், தண்ணீர்க் குழாயில் சொட்டு நின்றுவிட்டது என்று எதையோ சொல்லி முடித்தேன். மருந்துக்கடைக்காரரின் மகள் சனிக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை இந்தப் பொட்டலத்தையும் கடிதத்தையும் உன்னிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வரிசை தப்பினால் எனக்கு எழுத வராது. போன மாதம் ஒருநாள் நீ அம்மாவிடம் பேசும்போது, கடையில் வாங்கும் வேர்க்கடலை மிட்டாய் எதுவும் வாயில் வைக்க முடியவில்லை, அம்மா செய்வது மாதிரி இல்லை என்றாய். அம்மா முழங்கால் வலிக்குப் பிறகு அடுப்பு முன்னால் நின்று பாகு கிளறுவதை விட்டுவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குக் கணக்கைத் தவிர கையால் எதுவும் வராது என்று நீ சிறுவயதில் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. கோபமாக இல்லை, அது சரிதானே என்றுதான் தோன்றியது. நாற்பது வருடத்தில் உனக்கு என் கையால் செய்து கொடுத்த பொருள் ஒன்றுகூட இல்லை, நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டதைக் கணக்கில் சேர்த்தால் ஒழிய. அந்த வாரம் மருந்து வாங்கப் போனபோது கடைக்காரர், "மக அடுத்த மாசம் ஊருக்குப் போறா சார், ஏதாவது குடுத்து விடணும்னா சொல்லுங்க" என்றார். அவரே ஒரு பழைய பத்திரிகையிலிருந்து கத்தரித்த துண்டையும் கொடுத்தார். மைக்ரோவேவில் கடலை மிட்டாய், கிளறும் வேலை இல்லை, சர்க்கரை, சோளப் பாகு, வறுத்த கடலை எல்லாவற்றையும் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு ஏழு நிமிடம், பிறகு வெண்ணெய், சிட்டிகை சமையல் சோடா, நுரைத்து வந்ததும் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவிட வேண்டியது, அவ்வளவுதான். நீ வாங்கி அனுப்பிய மைக்ரோவேவ் பால் சூடாக்குவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படாமல் இருக்கிறதே என்று எனக்கும் உறுத்தல். உனக்குக் கொடுத்தனுப்புவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன், அம்மா காஜா எடுக்கவும் பொத்தான் தைக்கவும் தையல்கடைக்கு வேலைக்குப் போகும் நாள். ஆனால் அன்று மின்சாரம் இல்லை என்று பதினோரு மணிக்கே கடையை மூடிவிட்டார்கள், அம்மா திரும்பி வந்துவிட்டாள். நம் தெருவில் மின்சாரம் இருந்தது. நான் அவளைச் சமையலறைப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்துக்கொண்டேன்.

அந்தத் துண்டில் அடியில் சின்ன எழுத்தில், நேரம் எழுநூறு வாட் அடுப்புக்கு என்று போட்டிருந்தது. நம்முடையது ஆயிரம் வாட். வேறு யாராக இருந்தாலும் ஏழு நிமிடம் வைத்து நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பார்கள். நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எழுநூறுக்கு ஏழு, ஆயிரத்துக்குப் பத்து. மீதியே இல்லாமல் முழு எண்ணாக வந்தது, அவ்வளவு அழகான விடையை நான் சந்தேகிக்கவே இல்லை. உனக்கு இப்போதே புரிந்திருக்கும். ஆள் கூடினால் நாள் குறையும், வேகம் கூடினால் நேரம் குறையும், வாட் கூடினாலும் நிமிடம் குறையத்தான் வேண்டும். ஐந்துக்கும் குறைவாக வைத்திருக்க வேண்டும். எதிர் மாறலில் போட வேண்டியதை நேர் மாறலில் போட்டேன், முப்பத்து நான்கு வருடம் அதையே நடத்தியவன், ஒவ்வொரு படியாக எழுது, ஒவ்வொரு படியாக எழுது என்று சொல்லிச் சொல்லி 'ஸ்டெப் சார்' என்று பெயர் வாங்கியவன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நீ இதே தவறைச் செய்தாய், வகுப்பு முழுவதும் பார்க்க உன்னை எழுப்பி நிறுத்தி, வாத்தியார் மகளுக்கே இது தெரியவில்லையா என்று கேட்டேன். நீ அழவில்லை, உட்காரும்போது பென்சில் பெட்டியை மூடினாய், அந்தச் சத்தம் மட்டும் இந்த மூன்று வாரமாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பத்து நிமிடம் வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, நோட்டும் பேனாவுமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பார்க்கவில்லை. ஏதோ வாசனை மாறியது தெரிந்தது, சர்க்கரை சிவந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், "என்னங்க, தீயுதுங்க, நிறுத்துங்க" என்றாள். நான் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் நாற்பது விநாடி இருக்கு, கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றேன். அவள் என்னை நம்பாமல் இருந்தது எவ்வளவு நல்லது. அடுப்பின் கதவைத் திறந்தாள், புகை முகத்தில் அடித்தது, கைக்குக் கிடைத்த பாத்திரம் துடைக்கும் துணியால் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். அது ஈரத்துணி. சூடு ஒரு நொடியில் உள்ளே ஏறிவிட்டது, கிண்ணம் சாய்ந்தது, கொதிக்கிற பாகு வலது மணிக்கட்டிலும் புறங்கையிலும் விழுந்து ஒட்டிக்கொண்டது. அம்மா கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்தாள், அவ்வளவுதான், கிண்ணத்தைக் கீழே போடாமல் மேடையில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து கையைக் காட்டினாள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நோட்டில் இருக்கிறது, 'ஒன்பது நிமிடம் இருபது விநாடி, நிறுத்தம்' என்று என் கையெழுத்தில், கோடு கூடக் கோணாமல். அதை எழுதி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார், பத்து நாளில் ஆறிவிடும் என்றார், ஆறியும் விட்டது. அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. அன்று மாலை நீ கூப்பிட்டாய், கட்டைப் பார்த்துப் பதறினாய். அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் காத்திருந்தாள், எனக்காகத்தான் காத்திருந்தாள், பிறகு வெந்நீர்ப் பாத்திரம் கை தவறிவிட்டது என்றாள். நீ போன வருடம் வந்திருந்தபோது அவள் கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்ததை நினைவுபடுத்தி, அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று உன்னையே நொந்துகொண்டாய். இனி அடுப்புப் பக்கம் போகக் கூடாது, தையல்கடையில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, அங்கேயும் போகக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினாய். அதற்குப் பிறகு என்னிடம் திரும்பி, "நல்லவேளை நீங்க பக்கத்துல இருந்தீங்கப்பா, நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்றாய். நான் சரிம்மா என்றேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான சரிம்மா ஒன்றை நான் சொன்னதில்லை.

இப்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன். காலையில் எட்டரைக்குத் தலை சீவி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். அது அவள் கடைக்குக் கிளம்பும் நேரம். போன வாரம் என் சட்டைகள் எல்லாவற்றிலும் இருந்த பொத்தான்களைப் பிரித்து எடுத்துத் திரும்பத் தைத்தாள், நன்றாக இருந்த பொத்தான்கள். நான் கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க நான்கு முறை தவறுகிறேன், அவள் கண்ணாடி இல்லாமல் ஒரே முறையில் கோக்கிறாள். அந்தக் கையைத்தான் நடுங்குகிறது என்று சொல்ல விட்டேன். தையல்கடைக்காரர் இரண்டு முறை மாடி ஏறி வந்துவிட்டார். "அக்கா இல்லாம காஜா எல்லாம் ஓரம் பிரியுது சார், கஸ்டமர் சட்டையைத் தூக்கி என் மூஞ்சியிலயே போடறாங்க. உங்க பொண்ணுகிட்ட நான் வேணா பேசட்டுமா, ஃபாரின்காரங்கன்னா எனக்குப் பயம், ஆனாலும் பேசறேன்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அவரிடம் கொடுத்தாள், அது கடையுடையதாம். அவர் அதை வாங்காமல் படியிறங்கிவிட்டார், கடையில் அவள் உட்காரும் நாற்காலியை யாருக்கும் தரவில்லை என்று கீழே போய் நின்று சொன்னார். சமையல் நான்தான் செய்கிறேன், அவள் வாசலில் நின்று எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உப்பு அதிகம் என்றுகூடச் சொல்வதில்லை. வருகிற புதன்கிழமை நீ நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறாய். இல்லாத நடுக்கத்தைக் காட்டுவதற்கு அவள் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

நேற்று முன்தினம் அவளிடம், நான் எழுதிவிடப் போகிறேன் என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். "அவ கண்ணுல தப்பே பண்ணாத ஆளு நீங்க ஒருத்தர்தான். அதைப் போய் ஏன் கெடுக்கறீங்க. எனக்கென்ன, வீட்ல இருந்தா கால் வலி இல்ல" என்றாள். மூன்று வாரம் அவள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு நான் தகுதியானவன் இல்லை என்பதும் தெரிந்தது. நேற்றுக் காலை அவளைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன், நீ வாங்கிய சத்தியத்துக்கு மாறாகத்தான், அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். அளவு எல்லாம் நான் போட்டேன். அடுப்பை மூடியதும் நோட்டை எடுக்கப் போனேன், அவள் "அதை அங்கயே வைங்க" என்றாள். நான் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும். அவள் மூக்கைச் சற்றே தூக்கினாள், "ம், எடுங்க" என்றாள், காய்ந்த துணியை இரண்டாக மடித்து எடுத்தேன், வெண்ணெயும் சோடாவும் போட்டதும் பொன்னிறமாக நுரைத்துப் பொங்கியது. எத்தனை நிமிடம் என்று நான் குறிக்கவில்லை, அதனால் நீ கேட்டாலும் சொல்ல முடியாது. அந்த மிட்டாய்தான் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. ஓரங்கள் தடிமனாக இருக்கும், நான் தட்டில் பரப்பியது சரியில்லை. நடுவில் உள்ள துண்டுகளை முதலில் சாப்பிடு.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். திங்கட்கிழமை நீ கூப்பிடும்போது என்னைக் கேட்காதே, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல். அவளிடம் வாங்கிய சத்தியத்தை நீயே திருப்பிக் கொடுத்துவிடு, நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், உனக்குக் கொடுத்த வார்த்தை என்பாள். செவ்வாய்க்கிழமை அவள் கடைக்குப் போக வேண்டும். புதன்கிழமை மருத்துவரை வேண்டாம் என்று சொல்லிவிடு. அதற்குப் பிறகு என்னோடு பேச உனக்கு மனம் வந்தால் பேசு, இப்போது வேண்டாம் என்றால் நான் புரிந்துகொள்வேன், உன் குரல் இந்த வீட்டில் கேட்டால் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். அந்த நோட்டுத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், தவறான படியைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன், ஒன்பதாம் வகுப்பில் உன் தாளில் சுழித்த அதே மாதிரி.

இதுவரை எழுதியதை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் இதுவும் இன்னொரு மறைப்பாகிவிடும் அல்லவா. முழுவதும் கேட்டாள். உன் பென்சில் பெட்டியைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் என்னைப் பார்த்தாள். கடைசியில், "எல்லாம் சரி. ஆனா நான் ரெண்டு தடவை வந்தேன். முதல் தடவை கேட்டப்ப இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குன்னீங்க. நான் திரும்பிப் போயிட்டேன். ரெண்டாவது தடவைதான் நாற்பது விநாடி" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் உண்மை. ஒப்புக்கொள்ள உட்கார்ந்த கடிதத்திலும் என் கை எனக்குச் சாதகமாக ஒன்றைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறது, வேண்டுமென்று செய்தேனா மறந்தேனா என்று எனக்கே தெரியவில்லை. மேலே எழுதியதை அடித்துத் திருத்தவில்லை. இரண்டையும் நீ பார்க்க வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், மிட்டாயில் அவருக்குப் பாதி கொடு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. திங்கட்கிழமை, மறந்துவிடாதே, போன் அம்மாவுக்கு.

மன்னிப்பைக் கேட்கத் தெரியாமல் கேட்கும்,
உன் அப்பா